கப்பல் இன்ஜின் டர்போசார்ஜர்: ரோட்டரின் நிலைப்பும் பேரிங் தேர்வும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெரிய கப்பல் இன்ஜின்களின் டர்போசார்ஜரைப் பிரித்துக் கோக்கும் வேலையில் இருப்பவர்களிடமிருந்தும், கடல் பொறியாளர் தேர்வுக்குப் படிப்பவர்களிடமிருந்தும் இதே ஐயங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே அவற்றைத் தொகுத்திருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னவற்றை ஆதாரமாகக் கொள்வதால், முதன்முறை படிப்பவர்கள் வரிசையாகப் படிப்பது நல்லது.

பேரிங் என்றால் பேரிங்தானே? டர்போசார்ஜருக்கு மட்டும் ஏன் இத்தனை கட்டுப்பாடுகள்?

வீணாக வெளியேறும் எக்ஸாஸ்ட் வாயுவைக் கொண்டே இன்ஜினுக்குக் காற்றை அழுத்திக் கொடுக்கலாம் என்ற எண்ணத்துக்கு சுவிஸ் பொறியாளர் ஆல்ஃபிரெட் பியூஹி 1905-ல் காப்புரிமை பெற்றார். இன்றைய டர்போசார்ஜரில் அந்த வேலையைச் செய்வது ரோட்டர், அதாவது ஒரே ஷாஃப்டில் அமைந்த டர்பைன் சக்கரமும் கம்ப்ரஸர் சக்கரமும். மெதுவேக டூ ஸ்ட்ரோக் இன்ஜினின் கிராங்க் ஷாஃப்ட் நிமிடத்துக்கு 100 சுற்று அளவில் ஓடும்போது, அதே இன்ஜினின் பெரிய டர்போசார்ஜர் ரோட்டர் 10,000 சுற்றை ஒட்டி ஓடிக்கொண்டிருக்கும்.

இந்த வேகத்தில் 100 மி.மீ. விட்டமுள்ள ஜர்னலின், அதாவது ஷாஃப்டில் பேரிங்குக்குள் சுழலும் பகுதியின், மேற்பரப்பு வினாடிக்கு சுமார் 52 மீட்டர் நகர்கிறது. அதற்கும், அதைச் சுற்றியுள்ள பேரிங் உருளையான புஷ்ஷுக்கும் நடுவில் இருப்பது ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்கே தடிமனுள்ள எண்ணெய்ப் படலம். சக்கரத்தில் 300 மி.மீ. ஆரத்தில் வெறும் 10 கிராம் ஒரு பக்கமாகக் கூடிவிட்டால், 10,000 சுற்றில் அது ஏறத்தாழ 3,290 நியூட்டன் விசையாகிறது; சுமார் 335 கிலோ எடை, வினாடிக்கு 167 முறை சுற்றிச் சுற்றி பேரிங்கை இழுப்பதற்கு அது சமம். வேகம் இரண்டு மடங்கானால் இவ்விசை நான்கு மடங்காகும். இன்ஜினில் வேறு எந்த பேரிங்கும் இப்படிப்பட்ட நிலையில் வேலை செய்வதில்லை.

சிலவற்றில் பேரிங் ஷாஃப்டின் இரு முனைகளிலும் இருக்கிறது, சிலவற்றில் நடுவே இருக்கிறது. எது சரியான அமைப்பு?

இரண்டும் சரியானவையே, ஒவ்வொன்றும் வேறு வகை பேரிங்கை வேண்டுகிறது. முனைகளில் பேரிங் வைக்கும் அமைப்புக்குப் பலரும் அறிந்த உதாரணம், பிரவுன் பொவேரி தொடங்கி ஏபிபி தொடர்ந்த விடிஆர் வரிசை. டர்பைன் உருவாக்கும் முறுக்குவிசை இரு சக்கரங்களுக்கும் இடைப்பட்ட பகுதி வழியாகத்தான் கம்ப்ரஸருக்குப் போகிறது. சக்கரங்களுக்கு வெளியே நீளும் முனைகள் எந்த முறுக்கையும் சுமப்பதில்லை. ஆகவே அம்முனைகளை மெல்லியதாகச் செய்யலாம், சிறிய விட்டமுள்ள பால் பேரிங்கையும் ரோலர் பேரிங்கையும் அங்கே பொருத்தலாம். உருளும் பேரிங்கின் வேக எல்லை அதன் விட்டத்தைப் பொறுத்தது என்பதால் இது பெரிய வசதி. ரோட்டரை வெளியே எடுக்காமலே பேரிங்கை மாற்ற முடிவது இன்னொரு வசதி.

பேரிங்கை இரு சக்கரங்களுக்கும் நடுவே கொண்டுவந்தால், அது முறுக்கைச் சுமக்கும் தடித்த பகுதியின் மேல் அமர வேண்டியிருக்கிறது. அந்த விட்டத்துக்கும் வேகத்துக்கும் உருளும் பேரிங் எளிதில் ஈடுகொடுக்காது; எண்ணெய்ப் படலத்தின் மீது மிதக்கும் ப்ளெயின் பேரிங்தான் பொருந்தும். ஏபிபியின் டிபிஎல், மான் நிறுவனத்தின் டிசிஏ, மிட்சுபிஷியின் எம்இடி ஆகிய வரிசைகள் இந்த வழியில் வந்தவை. வாயு எந்தத் தடையுமின்றி நேராக டர்பைனுக்குள் நுழைய முடிவதும், ஷாஃப்ட் குட்டையாகவும் விறைப்பாகவும் அமைவதும் இதன் ஆதாயங்கள். பதிலுக்கு, பேரிங்கைப் பார்க்க வேண்டுமானால் கம்ப்ரஸர் சக்கரத்தைக் கழற்றியாக வேண்டும்.

பால் பேரிங் நல்லதா, ப்ளெயின் பேரிங் நல்லதா? ஒரே வரியில் சொல்லுங்கள்.

ஒரே வரியில் சொல்வதானால், நீண்ட காலம் தொடர்ந்து ஓடும் பெரிய இன்ஜினுக்கு நான் ப்ளெயின் பேரிங்கையே தேர்வேன். உருளும் பேரிங்கில் உராய்வு குறைவு. இன்ஜின் குறைந்த சுமையில் இருக்கும்போதும் புறப்படும்போதும் ரோட்டர் சட்டென்று வேகமெடுக்கும். ஆனால் உருளைகளும் அவை ஓடும் தடங்களும் களைப்படையும் உலோகம். எவ்வளவு நன்றாக ஓடினாலும் குறித்த மணிக்கணக்கில் மாற்றியே தீர வேண்டும். பல வகைகளில் அது 8,000 முதல் 12,000 மணி என்ற அளவில் வருகிறது. ப்ளெயின் பேரிங்கில், எண்ணெய் சுத்தமாகவும் தடையின்றியும் வரும்வரை உலோகம் உலோகத்தைத் தொடுவதே இல்லை. அது இன்ஜினின் பெரிய ஓவர்ஹால் வரை தாக்குப்பிடிப்பது வழக்கம். ஆனால் எண்ணெய்ப் படலம் தன்னளவில் ஒரு சிக்கலைக் கொண்டுவருகிறது. அடுத்த சில கேள்விகள் அதைப் பற்றியவை.

ரோட்டரைத் துல்லியமாக பேலன்ஸ் செய்துவிட்டோம். அப்புறம் நிலைப்பு என்று தனியாக எதைச் சொல்கிறார்கள்?

மிக அதிகமாகக் குழப்பிக்கொள்ளப்படும் இடம் இதுதான். பேலன்ஸ் குறைவால் வரும் அதிர்வு, வெளியிலிருந்து தரப்படும் விசைக்கு ரோட்டர் காட்டும் எதிர்வினை. விசை எவ்வளவோ அதற்கேற்ற அதிர்வு. காரணத்தைக் குறைத்தால் அதிர்வும் அதே அளவில் குறையும். அதன் அதிர்வெண் எப்போதும் சுழற்சி வேகத்துக்குச் சமமாக இருக்கும்.

நிலைப்பு என்பது வேறு கேள்வி. ஓடிக்கொண்டிருக்கும் ரோட்டரைச் சற்றே தட்டிவிட்டால் அந்த அசைவு தானாக அடங்குகிறதா, அல்லது வளர்கிறதா? அடங்கினால் ரோட்டர் நிலையானது. வளர்ந்தால், ரோட்டர் தன் சுழற்சியிலிருந்தே ஆற்றலை எடுத்துத் தன்னைத்தானே அசைத்துக்கொள்கிறது என்று பொருள். இந்த இரண்டாவது வகையை எத்தனை நுட்பமாக பேலன்ஸ் செய்தாலும் நீக்க முடியாது, ஏனெனில் அதன் காரணம் எடைப் பங்கீட்டில் இல்லை. பேரிங், சீல் (கசிவைத் தடுக்கும் பாகம்), டர்பைன் பிளேடு நுனி இடைவெளி ஆகியவற்றில் பிறக்கும் பக்கவாட்டு விசையில் இருக்கிறது.

ரோட்டர் கிரிட்டிகல் வேகத்தைத் தாண்டி ஓடலாமா? அது ஆபத்து என்றுதானே படித்தோம்?

ஊஞ்சலை அதன் தாளத்திலேயே தள்ளினால் வீச்சு ஏறிக்கொண்டே போவதைப் போல, சுழற்சி வேகம் ரோட்டரின் இயல்பான வளைவு அதிர்வெண்ணோடு ஒன்றும்போது சிறிய பேலன்ஸ் குறைகூடப் பெரிய அதிர்வாகிறது. அந்த வேகமே கிரிட்டிகல் வேகம். அதைத் தாண்டி ஓடவே முடியாது என்று 1869-ல் பொறியாளர் ராங்கின் எழுதினார். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் குஸ்தாவ் டி லாவல் தம் நீராவி டர்பைனில் மெல்லிய, வளையக்கூடிய ஷாஃப்டை வைத்து அதைத் தாண்டி ஓட்டிக் காட்டினார். கிரிட்டிகல் வேகத்துக்கு மேலே ரோட்டர் தன் எடை மையத்தைச் சுற்றியே ஓடத் தலைப்படுவதால் அதிர்வு குறைகிறது என்பதை 1919-ல் பொறியாளர் ஜெஃப்காட் கணித அடிப்படையில் விளக்கினார்.

எனவே கடந்து போவது ஆபத்தல்ல. அங்கேயே தங்குவதுதான் ஆபத்து. ஆனால் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. இந்த வேகம் ஷாஃப்டுக்கு மட்டும் உரியதல்ல. பேரிங்கின் விறைப்பும், அதைத் தாங்கும் கூட்டின் விறைப்பும் சேர்ந்துதான் அதை நிர்ணயிக்கின்றன. பேரிங் தேய்ந்து தளர்ந்தால் கிரிட்டிகல் வேகம் கீழே இறங்கும். முன்பு அமைதியாக ஓடிய ஒரு வேகம் அதிர்வுள்ள வேகமாக மாறிவிடக்கூடும்.

ஆயில் வர்ல், ஆயில் விப் என்கிறார்களே, இரண்டும் ஒன்றா?

ஒன்றிலிருந்து மற்றது வளர்கிறது. ஜர்னலை ஒட்டிய எண்ணெய் ஷாஃப்டின் வேகத்தில் ஓடுகிறது, புஷ்ஷை ஒட்டிய எண்ணெய் நிற்கிறது. படலத்தின் சராசரி வேகம் ஷாஃப்டின் வேகத்தில் பாதி. ஜர்னலின் மீது நல்ல சுமை இருந்தால் அது புஷ்ஷின் ஒரு பக்கமாக அமர்ந்து அசையாமல் ஓடும். சுமை குறைவாகவும் வேகம் அதிகமாகவும் இருந்தால் ஜர்னல் மையத்துக்கு அருகே மிதக்கும். அப்போது எண்ணெயின் அழுத்தம் அதை எதிர்த்துத் தாங்குவதைவிடப் பக்கவாட்டில் தள்ளுவதே அதிகமாகிவிடுகிறது. விளைவாக ஷாஃப்டின் மையம் புஷ்ஷுக்குள் சிறு வட்டமிடத் தொடங்குகிறது. இது வர்ல். சுழற்சி வேகத்தில் 42 முதல் 48 சதவீதம் வரையான அதிர்வெண்ணில் இது தெரியும். 10,000 சுற்றில் ஓடும் ரோட்டரில் 167 ஹெர்ட்ஸில் பேலன்ஸ் குறையின் கோடும், 70 முதல் 80 ஹெர்ட்ஸுக்குள் இன்னொரு கோடும் தெரிந்தால், இரண்டாவது கோட்டைப் பார்த்துத்தான் கவலைப்பட வேண்டும்.

ரோட்டரின் வேகம் முதல் கிரிட்டிகல் வேகத்தைப்போல் ஏறக்குறைய இரு மடங்கை எட்டும்போது, வர்லின் அதிர்வெண் ரோட்டரின் இயல்பான அதிர்வெண்ணோடு ஒன்றி அங்கேயே பூட்டிக்கொள்கிறது. அதன்பின் வேகத்தை ஏற்றினாலும் அதிர்வெண் மாறாது, வீச்சு மட்டும் இடைவெளி அனுமதிக்கும் வரை வளரும். இது விப். ஜெனரல் எலெக்ட்ரிக்கில் நியூகிர்க்கும் டெய்லரும் 1925-ல் இதை எண்ணெய்ப் படலத்தோடு தொடர்புபடுத்தி விளக்கினார்கள். வர்லோடு சில காலம் ஓட்டலாம். விப்போடு ஓட்ட முடியாது.

அப்படியானால் ப்ளெயின் பேரிங்கில் இதை எப்படித் தடுக்கிறார்கள்?

பெரும்பாலான வழிகள் புஷ்ஷின் வடிவத்தில்தான் இருக்கின்றன. முழு வட்டத் துளைக்குப் பதிலாக, சற்றே மையம் விலகிய இரண்டு மூன்று வளைவுகளைக் கொண்ட துளை வைத்தால் ஒவ்வொரு வளைவும் தனியே ஓர் எண்ணெய் ஆப்பை உருவாக்கி ஜர்னலைப் பல பக்கமிருந்து அழுத்திப் பிடிக்கும். குறைந்த சுமையிலும் ஜர்னலுக்குப் பிடிமானம் கிடைக்கும். பேரிங்கைத் தனித்தனிப் பட்டைகளாகப் பிரித்து ஒவ்வொன்றும் சாய்ந்துகொடுக்கும்படி செய்தால் பக்கவாட்டு விசை ஏறக்குறைய இல்லாமலே போகும். ஆனால் பாகங்கள் கூடும், இடமும் தேவைப்படும்.

இன்னொரு வழி, புஷ்ஷைச் சுற்றி வெளியே இரண்டாவதாக ஓர் எண்ணெய்ப் படலத்தை வைப்பது. புஷ்ஷும் சேர்ந்து சுழன்றால் அது மிதக்கும் புஷ். சிறிய டர்போசார்ஜர்களில் மிகப் பரவலான ஏற்பாடு. புஷ் சுழலாதபடி தடுத்து, வெளிப்படலம் நசுங்கி விரியும்படி மட்டும் விட்டால் அது ஸ்க்வீஸ் ஃபிலிம் டாம்பர். சுழற்சி இல்லாததால் இந்தப் படலம் ரோட்டரைப் பக்கவாட்டில் தள்ளுவதில்லை. அசைவின் ஆற்றலை உறிஞ்சுவது மட்டுமே அதன் வேலை. பெரிய அளவுகளுக்கு இதுவே மிகவும் பொருத்தமானது என்பது என் கருத்து, ஏனென்றால் சுமை தாங்குவதையும் அதிர்வை அடக்குவதையும் இரு வேறு படலங்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிடுகிறது.

பால் பேரிங்கில் வர்லே வராது. பின் எதற்கு அதைச் சுற்றி ஸ்பிரிங் தகடுகள்?

வர்ல் வராது என்பது உண்மை. ஆனால் உருளும் பேரிங் அதிர்வை அடக்குவதும் இல்லை. எஃகின் மேல் எஃகு உருளும்போது ஆற்றலை உறிஞ்ச அங்கே எதுவும் இல்லை. அதைக் கூட்டோடு விறைப்பாகப் பொருத்தினால் பேலன்ஸ் குறையின் விசை முழுவதும் உருளைகளின் மீதே விழும், கிரிட்டிகல் வேகத்தைக் கடக்கும்போது வீச்சு கட்டுக்கடங்காது. ஆகவே பேரிங்குக்கும் கூட்டுக்கும் நடுவே மெல்லிய எஃகுத் தகடுகளின் அடுக்கை எண்ணெயோடு வைக்கிறார்கள். தகடுகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி நகரும்போது அதிர்வு அடங்குகிறது. பேரிங் மாற்றும்போது இந்தத் தகடுகளைத் துடைத்து அப்படியே திரும்பப் போடும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அவை தேய்ந்திருந்தால் புதிய பேரிங்கின் ஆயுள் முதல் நாளிலிருந்தே குறையத் தொடங்கும்.

த்ரஸ்ட் பேரிங் பற்றி யாரும் பேசுவதில்லையே?

சக்கரங்களின் இரு பக்கமும் அழுத்தம் சமமாக இல்லாததால் ரோட்டர் அச்சு வழியே ஒரு பக்கம் தள்ளப்படுகிறது. அதைத் தாங்கும் பேரிங் பொதுவாக, வெப்பம் குறைந்த கம்ப்ரஸர் பக்கத்தில் இருக்கும். டர்பைன் பக்கம் வெப்பத்தில் நீள்வதற்கு விடப்படுகிறது. சர்ஜ் வரும்போது, அதாவது கம்ப்ரஸரில் காற்றோட்டம் நிலைகுலையும்போது, காற்று பின்னோக்கிப் பாய்ந்து இந்த விசை கணத்துக்குக் கணம் மாறி அடிக்கிறது. நீண்ட நேரம் சர்ஜில் ஓடிய டர்போசார்ஜரில் முதலில் அச்சு இடைவெளியை அளக்க வேண்டும். அது கூடியிருந்தால் கம்ப்ரஸர் சக்கரம் கூட்டைத் தொடும் நாள் அருகில் இருக்கிறது.

பிளாக்அவுட் ஆனால், அதாவது கப்பலில் மின்சாரம் போய்விட்டால், எண்ணெய் பம்ப் நின்றுவிடும், ரோட்டர் சுற்றிக்கொண்டே இருக்கும். அப்போது?

முனை பேரிங் அமைப்பில் எண்ணெய்த் தொட்டியும் பம்பும் ரோட்டரோடு சேர்ந்தவை. ஷாஃப்ட் சுற்றும்வரை எண்ணெய் வரும். அதன் பெரிய பாதுகாப்பு இது. ப்ளெயின் பேரிங்குக்கு எண்ணெய் வெளியிலிருந்து வருவதால், மேலே உயரத்தில் ஓர் அவசரத் தொட்டி வைத்து, பம்ப் அழுத்தம் விழுந்தாலும் ரோட்டர் ஓய்வுக்கு வரும்வரை எண்ணெய் தானாக இறங்கும்படி செய்கிறார்கள். அந்தத் தொட்டி நிரம்பியிருக்கிறதா, அதிலிருந்து இறங்கும் குழாயின் துளை அடைபடாமல் இருக்கிறதா என்பதைப் பிளாக்அவுட் வருவதற்கு முன் பார்த்துவைக்க வேண்டும்.

இன்ஜின் நின்றிருக்கும்போதும் பேரிங் கெடும் என்கிறார்கள். நம்பலாமா?

நம்பலாம், இரண்டு வகைக்கும் காரணம் வேறு. உருளும் பேரிங்கில், பக்கத்து இயந்திரங்களின் அதிர்வு நின்றுகொண்டிருக்கும் உருளைகளை ஒரே இடத்தில் தொடர்ந்து நடுங்க வைத்து, தடத்தில் வரிசையாகச் சிறு குழிகளை உண்டாக்கும். ஓடத் தொடங்கியதும் அவை சத்தமாகத் தெரியும். ப்ளெயின் பேரிங்கில், புகைக்கூண்டு வழியே எழும் காற்றோட்டம் ரோட்டரை மெதுவாகச் சுற்ற வைத்துவிடும். எண்ணெய் பம்பை நிறுத்தியிருந்தால் அது படலமே இல்லாமல் உலோகத்தின் மேல் உலோகமாகச் சுற்றும். ஆகவே பம்பை நிறுத்துவதற்கு முன் ரோட்டரைப் பூட்ட வேண்டும். இன்ஜினை நிறுத்திய உடனேயும் பம்பை அணைக்கக் கூடாது. டர்பைனில் தேங்கிய வெப்பம் ஷாஃப்ட் வழியே பேரிங்குக்கு வரும், அதை எண்ணெய்தான் எடுத்துச் செல்ல வேண்டும்.

டர்பைனைத் தண்ணீர் விட்டுக் கழுவினோம். கழுவிய பிறகு அதிர்வு கூடிவிட்டது. பேரிங் போய்விட்டதா?

பெரும்பாலும் இல்லை. படிவு எல்லாப் பக்கமும் சமமாக இருந்தவரை பேலன்ஸ் கெடவில்லை. கழுவியதில் ஒரு பக்கம் மட்டும் உதிர்ந்ததால் கெட்டுவிட்டது. முதல் பதிலில் சொன்ன 10 கிராம் கணக்கை இங்கே நினைத்துப் பார்க்கலாம். சுமையைக் குறைத்து, வடிகாலில் வரும் தண்ணீர் தெளிவாகும்வரை மீண்டும் கழுவ வேண்டும். அதிர்வு சுழற்சி வேகத்தின் அதிர்வெண்ணில் மட்டுமே இருந்து, கழுவக் கழுவக் குறைந்தால் பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. குறையாவிட்டால் திறந்து பிளேடுகளைப் பார்க்க வேண்டும். அதுவரை முழு வேகம் தரக் கூடாது.

எண்ணெய் சூடேறியதும் அதிர்வு குறைகிறது. அப்படியே சூடான எண்ணெயிலேயே ஓட்டலாமா?

நீங்கள் கவனித்தது சரி; அது நல்ல துப்பும்கூட. சூடான எண்ணெய் மெலிவதால் ஜர்னல் மையத்திலிருந்து விலகி அமர்கிறது, வர்ல் அடங்குகிறது. ஆகவே உங்கள் அதிர்வு பேலன்ஸ் குறையால் வருவதல்ல, படலத்தால் வருவது என்று தெரிகிறது. ஆனால் அதையே மருந்தாக எடுத்துக்கொண்டால் படலம் மெலிந்து த்ரஸ்ட் பேரிங்கின் காப்பு குறையும். ஸ்க்வீஸ் ஃபிலிம் உள்ள வகையில் டாம்பரின் அடக்கும் திறனும் குறையும். இடைவெளிகளை அளந்து, டாம்பருக்கு எண்ணெய் போகும் வழி அடைபட்டிருக்கிறதா என்று பார்ப்பதே சரியான அடுத்த படி.

புதிய பேரிங் போட்டோம், அளவுகள் எல்லாம் எல்லைக்குள் இருக்கின்றன. ஆனாலும் முன்பைவிட மோசமாக ஓடுகிறது. ஏன்?

அளவை எங்கே, எந்தத் திசையில் எடுத்தீர்கள் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். வளைவுகள் கொண்ட புஷ்ஷில் உள்விட்டத்தை ஒன்றுக்கொன்று குறுக்கான இரு திசைகளில் அளந்தால், மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு வித்தியாசம் வரும், வர வேண்டும். அதைத் தேய்மானம் என்று எண்ணி ஒதுக்கியவர்களும் உண்டு. இரு திசையிலும் ஒரே அளவு காட்டும் முழு வட்டப் புஷ்ஷை "துல்லியமாக இருக்கிறது" என்று மகிழ்ந்து போட்டவர்களும் உண்டு. அந்த முழு வட்டப் புஷ்தான் வர்லை அழைத்து வருவது. வளைவுள்ள புஷ்ஷைக் கோணம் மாற்றி உட்கார வைத்தாலும் இதே தொல்லை வரலாம்.

அடுத்து ஷாஃப்டிலும் கம்ப்ரஸர் சக்கரத்திலும் உள்ள பொருத்தக் குறிகள். ரோட்டர் பேலன்ஸ் செய்யப்பட்ட நிலைக்கு அவையே சாட்சி. ஒரு பல் தள்ளிப் பொருத்தினாலும் பேலன்ஸ் போய்விடும். இவை எல்லாம் சரியென்றால் அதிர்வெண்ணைப் பிரித்துப் பாருங்கள். எந்தப் பக்கம் தேட வேண்டும் என்பதை, ஆயில் வர்ல் பற்றிய பதிலில் சொன்ன இரண்டு கோடுகள் காட்டிக்கொடுக்கும்.

கப்பல் ஆடுவதால் ரோட்டரின் நிலைப்பு கெடுமா?

வேகமாகச் சுழலும் ரோட்டரின் அச்சைத் திருப்பினால் அது குறுக்குத் திசையில் ஒரு திருப்புவிசையைக் காட்டும். அச்சு கப்பலின் நீளத்துக்கு இணையாக இருந்தால் பக்கவாட்டு ஆட்டம் அந்த அச்சைத் திருப்புவதில்லை; முன்னும் பின்னும் எழுந்து தாழ்வதும் திசை திரும்புவதும் திருப்புகின்றன. நடுவில் பேரிங் உள்ள அமைப்பில் இரு பேரிங்குகளுக்கும் இடையே தூரம் குறைவு என்பதால் அதே திருப்புவிசைக்குக் கூடுதல் சுமை ஏறும். வடிவமைப்பிலேயே இது கணக்கில் எடுக்கப்படுகிறது. ஓட்டுபவர் தனியே செய்ய வேண்டியது எதுவும் இல்லை.

மெதுவோட்டத்துக்காக மூன்று டர்போசார்ஜரில் ஒன்றை மூடிவைத்திருக்கிறோம். அதன் பேரிங்குக்கு என்ன ஏற்பாடு?

நின்றிருக்கும் பேரிங் பற்றி மேலே சொன்னவை முழுவதும் இதற்குப் பொருந்தும். இங்கே நிலைமை இன்னும் கடினம், ஏனென்றால் கீழே இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கிறது. வாயுவும் காற்றும் கசியாமல் இரு பக்கமும் அடைத்திருக்க வேண்டும். ப்ளெயின் பேரிங்குக்கு எண்ணெயும், சீலுக்குக் காற்றும் எந்த அளவில் தொடர வேண்டும் என்பதில் தயாரிப்பாளர் கையேட்டை விட்டு விலகக் கூடாது. உருளும் பேரிங் உள்ள அமைப்பை மாதக்கணக்கில் இப்படி நிறுத்திவைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பழைய பால் பேரிங் டர்போசார்ஜரை ப்ளெயின் பேரிங்குக்கு மாற்றிக்கொள்ள முடியுமா?

பேரிங்கை மட்டும் மாற்றி அதைச் செய்ய முடியாது. முனைகளில் உள்ள மெல்லிய ஜர்னலும், நீண்ட ஷாஃப்டும், தகடு அடுக்குகளும் ஒரே கணக்கில் பிறந்தவை. அங்கே எண்ணெய்ப் படலத்தை வைத்தால் விறைப்பும் அடக்கும் திறனும் மாறும், கிரிட்டிகல் வேகங்கள் இடம் மாறும், இதுவரை இல்லாத வர்ல் புதிதாகத் தலைகாட்டும்; தொடர்ந்து எண்ணெய் தரும் குழாய் ஏற்பாடும், பிளாக்அவுட் தொட்டியும் புதிதாக வேண்டும். பழைய இன்ஜினுக்கு இந்த ஆதாயங்கள் தேவையென்றால் முழு டர்போசார்ஜரையும் புதிய வகைக்கு மாற்றி, அதன் காற்றளவும் அழுத்தமும் இன்ஜினுக்குப் பொருந்துமாறு தயாரிப்பாளரிடம் கணக்கிட்டுப் பெறுவதே வழி.